பெட்டி வேண்டாம், முதலில் மூன்று பக்கம் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி:

நாங்கள் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறோம். மகன் தரம் 2. மகளுக்கு நாலரை வயது, வருகிற தை மாதம் தரம் 1 போகிறாள். அவள் நூறு வரை கடகடவென்று சொல்வாள். ஆனால் "ஐந்து கரண்டி எடுத்து வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். மகனிடம் எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் இன்னும் ஒன்றிலிருந்து விரல் மடக்குகிறான். கனடாவில் இருக்கும் மச்சாள், வீட்டில் பொருட்களை வைத்துக் கணிதம் பழக்குவதற்கான ஆசிரியர் வழிகாட்டி நூல்களும் அதற்கான பெட்டியும் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். ஒன்று மொண்டிசோரி முறை, ஒன்று வர்ணக் கட்டை முறை, மற்றது அங்குள்ள பாடசாலைகளில் பாவிக்கும் ஆசிரியர் கைந்நூல். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதை அனுப்பச் சொல்வது? நான் ஆசிரியை இல்லை, உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவள். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும். எண்ணப் பழக்க அம்மம்மா ஒரு போத்தல் நிறையக் குண்டுமணி தந்திருக்கிறார், அது காணாதா?

— ஒரு தாய், பாலையூற்று

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். அந்தப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குண்டுமணிக்குள் இருப்பது கடும் நஞ்சு. ஓடு கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் தப்பிவிடுவதும் உண்டு. கடித்தாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ ஆபத்து பெரிது. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையோ போத்தல் மூடியோ போதும்.

இனி நூல்கள். இப்போதைக்கு ஒன்றையும் அனுப்பச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நூலிலும் மூன்று பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும்படி மச்சாளிடம் கேளுங்கள். எந்தப் பக்கங்கள் என்று கீழே சொல்கிறேன். பெட்டி வேண்டவே வேண்டாம் என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடலாம்.

எந்த நூல் என்பது உங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மகளுக்கு எண்களின் பெயர்கள் ஒழுங்காக வருகின்றன. எண்ணுவதற்கு அது மட்டும் காணாது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும். பெயர்களின் ஒழுங்கு மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன பெயர்தான் முழுத் தொகை. எந்தப் பொருளையும் எண்ணலாம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது. கெல்மன், கலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் வகுத்த ஐந்து விதிகள் இவை. சின்னப் பிள்ளைகளுக்கான நல்ல கணித வழிகாட்டி எதைத் திறந்தாலும், பெயர் சொல்லாவிட்டாலும், இவை உள்ளே இருக்கும்.

ஐந்து மூடிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். முடித்ததும் "அப்ப எத்தனை மூடி?" என்று கேளுங்கள். "ஐந்து" என்று சொல்லாமல் மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினால், மூன்றாவது விதி அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "ஐந்து எடுத்து வா" என்றால் அள்ளிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அதனால்தான். நாலு, நாலரை வயதில் இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. நூறு வரை சொல்கிறாளே என்று நூற்றைம்பதுக்குக் கொண்டுபோக வேண்டாம். இரண்டு எடுத்து வா, மூன்று எடுத்து வா என்று கீழே வாருங்கள்.

மகனின் விரலையும் தடுக்க வேண்டாம். அவன் விரலில் எண்ணுவது பிழையில்லை, ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் கவனிக்க வேண்டியது. எட்டை ஒரே துண்டாக எடுத்து மேலே போக அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டிய நூல், எண்ணுவதைப் பற்றியும் பத்தை நிரப்புவதைப் பற்றியும் ஆறுதலாகப் பேசுகிற நூல். பயிற்சித்தாள் கட்டு அல்ல.

காசு செலவழிக்குமுன் ஒன்றைப் பாருங்கள். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. நிறுவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். தரம் 1, தரம் 2 இரண்டையும் இறக்கி, கணிதப் பகுதியை மட்டும் போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுங்கள். பாடத்திட்டம் மாறும்போது வழிகாட்டியும் மாறும், ஆகவே உள்ளே போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து எடுங்கள். எது ஆகப் பிந்தியது என்று சந்தேகமிருந்தால் மகனின் வகுப்பாசிரியையிடம் கேட்கலாம். அவரும் அதைத்தான் பாவிக்கிறார்.

பெற்றோர் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "அது ரீச்சர்மாருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கடையில் விற்கிற மாதிரி வினாத்தாள் புத்தகம் தெரிந்த அளவுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம். 1999இல் நாடெங்கும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்று மூன்றையும் ஒன்றாகவே வைத்தது. வீட்டுக்கு வரும்போதுதான் முதல் இரண்டும் கழன்று மேசைவேலை மட்டும் மிஞ்சுகிறது.

அந்த வழிகாட்டியிலும் குறை உண்டு. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை மனதில் வைத்து எழுதியது. "மாணவருக்குச் சந்தர்ப்பம் வழங்குங்கள்" என்று எழுதிவிட்டு, அந்தச் சந்தர்ப்பத்தில் பிள்ளை தடுமாறினால் என்ன செய்வது என்பதை ஆசிரியரின் அனுபவத்துக்கு விட்டுவிடும். உங்களிடம் அந்த அனுபவம் இல்லை. இரண்டாவது நூலொன்று தேவையென்றால் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

மச்சாள் சொல்கிற மூன்றில், பாடசாலை ஆசிரியர் கைந்நூல் உங்களுக்கு ஆகக் குறைவாகப் பயன்படும். இந்த வகை நூல்கள் மாணவர் நூலோடு சேர்த்துத்தான் வரும். "மாணவர் நூல் 46ஆம் பக்கம் பார்க்க" என்று வரிக்கு வரி போகும். மாணவர் நூல் இல்லாவிட்டால் பாதி விளங்காது, பதிப்பு மாறினால் பக்க எண்ணும் பொருந்தாது. மலிவாகக் கிடைத்தது என்று பழைய பதிப்பைத் தனியே வாங்கி அனுப்புபவர்கள் உண்டு. சொல்லி வையுங்கள்.

மொண்டிசோரி நமக்குப் புதிதல்ல. அதை உருவாக்கிய மரியா மொண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது 1944இல் இலங்கைக்கும் வந்திருக்கிறார். அந்த முறையில் வழிகாட்டி என்பது "அல்பம்". எந்தப் பொருளை எந்தக் கையால் எடுத்து எங்கே வைப்பது என்பது வரை அதில் எழுதியிருக்கும். ஆசிரியர் அல்லாதவருக்கு இந்த நுணுக்கம் பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு பாடமும் ஒரு குறிப்பிட்ட பொருளில் தொங்குகிறது, அந்தப் பொருட்கள்தான் விலை. பெட்டி இல்லாமல் அல்பத்தை மட்டும் வாங்கினால், எதை வீட்டில் செய்துகொள்ளலாம், எதை விடலாம் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டிவரும்.

பல பொருட்களை வீட்டில் செய்யலாம் என்பது வேறு கதை. அவர்களிடம் பத்து அறையுள்ள ஒரு பெட்டி உண்டு, பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதியிருக்கும், கூடவே 45 மரக்குச்சிகள். பூச்சிய அறை வெறுமை, ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று போட்டுக்கொண்டு போனால் ஒன்பதில் சரியாக முடியும். எங்காவது பிழைத்தால் கடைசியில் குச்சி மிஞ்சும் அல்லது குறையும். "பிழை" என்று அம்மா சொல்லவே தேவையில்லை. பத்து யோகட் கோப்பையும் ஒரே அளவில் நறுக்கிய 45 ஈர்க்கும் எடுங்கள், அதே பாடம். ஆனால் இதை இப்போதே மகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஐந்து எடுத்து வரத் தெரிந்த பிறகு.

வர்ணக் கட்டை முறை பெல்ஜிய ஆசிரியர் ஜோர்ஜ் குயிசெனேர் உருவாக்கியது, 1952இல் நூலாக வந்தது. ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கட்டையில் கோடுகள் கிடையாது. அதனால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது, நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு இது அச்சொட்டான மருந்து. எட்டு மண்ணிறம், ஐந்து மஞ்சள். இரண்டையும் முட்டு முட்டாக வைத்து, அடியில் செம்மஞ்சள் பத்தை வைத்தால் எவ்வளவு குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் இளம்பச்சை மூன்று சரியாகப் பொருந்தும். மச்சாள் எதையாவது அனுப்பித்தான் ஆவேன் என்று நின்றால், ஒரு தொகுதி மரக்கட்டையும் அதற்கான மெல்லிய வழிகாட்டியும் என்று சொல்லுங்கள். பாரமும் குறைவு. பெட்டி முழுவதும் வேண்டாம்.

இனி அந்த மூன்று பக்கங்கள்.

முதலாவது, எண்ணுவதைப் பழக்கும் பாடம் ஏதாவது ஒன்று. அதில் பிள்ளை பிழைவிட்டால் என்ன செய்வது என்று இருக்கிறதா? "பிள்ளை ஒரே மூடியை இரண்டு தரம் எண்ணினால், எண்ணியதை ஒரு பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்" என்பது போல ஒரு வரி. "எத்தனை?" தவிர வேறு கேள்விகள் உண்டா? "எப்படித் தெரியும்?", "இப்படிப் பரப்பி வைத்தால் கூடிவிடுமா?" போன்றவை. இவை இல்லாமல் வண்ணப் படங்களும் தேவையான பொருட்களின் பட்டியலும் மட்டும் என்றால், எவ்வளவு வடிவான புத்தகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அதே பாடத்தில் பொருட்களின் வரிசைக்கிரமத்தையும் பாருங்கள். கையால் தள்ளக்கூடியவை எண்ண இலகு. சிதறிக் கிடப்பவை அதைவிடக் கடினம். தொட முடிந்தாலும் நகர்த்த முடியாதவை, உதாரணமாகப் படத்தில் இருப்பவை, இன்னும் கடினம். தாமே நகர்பவை எல்லாவற்றையும் விடக் கடினம். நல்ல நூல் இந்த ஏணியில்தான் ஏறும். நமது ஊரில் ஏணியின் மேல்படிகள் இலவசம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அருகருகே கிடக்கின்றன, நகர்த்த முடியாது. எங்கே தொடங்கினோம் என்று பிள்ளை நினைவு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டு வரும், ஒன்பது வரும். தொடங்கிய கிணற்றுக்குப் பக்கத்தில் அண்ணனை நிற்க வைத்துவிட்டு எண்ணச் சொல்லிப் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்கும். அவை நிற்காமல் நடக்கும் என்பதுதான் பாடமே. அதை மகனிடம் கொடுங்கள், மகளுக்கு இப்போது வேண்டாம்.

இரண்டாவது, சமன் குறி முதலில் வரும் பக்கம். பெரும்பாலான நூல்களில் 3 + 2 = 5 என்ற ஒரே முகம்தான் பக்கம் பக்கமாக வரும். பிள்ளை அந்தக் குறியை "இனி விடை எழுது" என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு 8 + 4 = __ + 5 என்று கேட்டால் இடைவெளியில் 12 என்று எழுதும். உங்கள் மகனிடமே கேட்டுப் பாருங்கள். 5 = 3 + 2 என்றும், 4 + 1 = 3 + 2 என்றும், இரு பக்கமும் பொருட்களை வைத்துக் காட்டியும் தொடங்குகிற நூல் என்றால் எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரியும்.

மூன்றாவது, முக்கோணம் வரும் பக்கம். எல்லா முக்கோணமும் கூரை முகடு போல நிமிர்ந்து, மூன்று பக்கமும் சமமாக நிற்கிறதா? அப்படியானால் கவனக்குறைவான நூல். மெலிந்தது, சரிந்தது, தலைகீழானது, கூடவே பக்கம் வளைந்த "முக்கோணம் அல்லாதது" ஒன்று, இவையும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நூலின் தரத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

ஆங்கில நூலைத் தமிழில் நடத்துவதில் தயங்க வேண்டாம். நீங்கள் வாசித்து விளங்கி, பிள்ளையிடம் நமது வாயால் கதைக்கலாம். சில பாடங்களைத் தாண்டலாம். பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஆங்கிலப் பெயர்களில் பத்து இலேசில் தெரியாது, அதற்காக அந்த நூல்கள் பல நாட்பாடங்கள் ஒதுக்கும். நமது பெயர்களில் பத்து முன்னாலேயே நிற்கிறது, ஓரிரு நாள் போதும். மிச்ச நேரத்தை எண்பத்தொன்பதுக்கு அடுத்தது எது என்பதில் செலவழியுங்கள், நமது பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். நாணயப் பாடங்களும் பொருந்தாது. 25 சதத்தை வைத்து அவர்கள் போடும் கணக்குக்கு இங்கே வேலையில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குற்றிகளைக் கொடுத்து முன் கடைக்கு அனுப்புங்கள். அமெரிக்கப் பதிப்பு என்றால் அங்குலமும் இருக்கும், அதையும் விடுங்கள்.

வகுப்புக்கு எழுதிய செயற்பாட்டில் "குழுவில் கலந்துரையாடுக" என்று வந்தால், அந்தக் குழு நீங்கள்தான். வேண்டுமென்றே பிழையாக எண்ணுங்கள். நாலைத் தாண்டி ஆறு என்று சொல்லுங்கள், ஒரு மூடியை இரண்டு தரம் தொடுங்கள். மகள் துள்ளிக்கொண்டு திருத்த வருவாள். பத்து, பதினைந்து நிமிடத்துக்குமேல் இழுக்க வேண்டாம். மகனுக்குப் பக்கத்திலேயே வைத்து நடத்தினால் மகள் தனக்கு விளங்காததையும் ஒப்புவிக்கப் பழகிவிடுவாள், நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

பெட்டிக்குப் பதிலாக இரண்டு பொருட்கள். முட்டைக் கடையில் முப்பது முட்டைத் தட்டு ஒன்று கேளுங்கள். ஐந்து ஐந்தாக ஆறு வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழியுள்ள மூன்று தட்டு கிடைக்கும். ஒன்றில் எட்டு மூடி போடுங்கள், பக்கத்துத் தட்டில் ஐந்து. முதல் தட்டை நிரப்ப எத்தனை வேண்டும்? இரண்டு. மற்றதில் மிச்சம்? மூன்று. மகன் இதைக் கையால் செய்யட்டும். பிறகு தட்டுகளைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லட்டும். பிறகு தட்டை ஒளித்துவிட்டுக் கேளுங்கள். பொருளை எப்போது எடுத்துவைப்பது என்பதை எந்த நூல் சொல்கிறதோ அந்த நூலுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பொருளோடு தொடங்கச் சொல்லாத நூல் இன்று இல்லை, அதை விடப் பழக்கும் நூல்தான் அரிது.

மற்றது ஈர்க்கு. பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். 34 என்று எழுதி, "இதை ஈர்க்கால் காட்டு" என்று மகனிடம் சொல்லுங்கள். 34ஐச் சரியாக வைத்ததும், அந்த 3 என்ற இலக்கத்தைத் தொட்டு "இது எந்த ஈர்க்கு?" என்று கேளுங்கள். தனி ஈர்க்கு மூன்றைக் காட்டினால், இரண்டு இலக்கக் கூட்டலைச் சற்று நிறுத்தி, கட்டுவதும் அவிழ்ப்பதுமாகச் சில நாள் போகட்டும். கட்டுகளைக் காட்டினால் கவலையில்லை.

கொக்கான் வெட்டத் தெரியுமா? அம்மம்மாவுக்குத் தெரியும். ஒரு கல் மேலே, நாலு கீழே. மூன்று கையில், இரண்டு தரையில். ஐந்தின் பிரிவுகள் அத்தனையும் அதில் கிடக்கின்றன. குண்டுமணியை எடுத்து ஒளித்து வைத்ததற்கு அவர் கோபித்தால் இந்த வேலையை அவரிடம் ஒப்படையுங்கள்.

நூல் வாங்குவது என்று முடிவானால் மட்டத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான பெற்றோர் பிழைவிடுவது இங்கேதான். இங்கே ஐந்து வயது முடிந்து தையில் பிள்ளை தரம் 1 போகிறது. வட அமெரிக்காவில் அந்த வயதுப் பிள்ளை இருப்பது கிண்டர்கார்டனில். அவர்களுடைய தரம் 1 அநேகமாக நமது தரம் 2 வயது. மச்சாள் "மகள் தரம் 1 போகிறாள்" என்று கேட்டுத் தரம் 1 நூலை வாங்கினால் அது மகனுக்குத்தான் பொருந்தும். மகளுக்குக் கிண்டர்கார்டன் என்று போட்டதைக் கேட்கச் சொல்லுங்கள், பிள்ளையின் வயதையும் கடைக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். தரம் 2 என்று போட்டிருப்பது இப்போது இரண்டு பேருக்கும் வேண்டாம்.